பத்தருக்குள் ஒரு முகவரி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியிலே இரும்புக் கிட்டாருக்கு என்ன வேலை என்று தங்களுள் சிலர் எண்ணக்கூடும். பொருநராற்றுப்படையை ஒருமுறை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். முடத்தாமக்கண்ணியார் கரிகாலனின் புகழைப் பாட வந்தவர்தாம். ஆனாலும் மன்னனிடம் செல்லுமுன் பொருநனின் கையிலிருக்கும் யாழை உறுப்புறுப்பாக நமக்குக் காட்டுகிறார். பத்தர், அதன்மேல் போர்த்த தோல், அதனை இறுக்கிய ஆணி, திவவு, நரம்பு என்று ஒவ்வொன்றும் அங்கே சொல்லப்படுகின்றது. யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் சென்றபின், காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் இத்தகைய வருணனைகளையும் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் கொண்டே அதன் உருவத்தை மீட்க முனைந்தார். அவருடைய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார். மறைந்துபோன ஒரு கருவியை இன்னதென்று அடையாளங் காண்பது தமிழ் மாணவனுக்குரிய வேலைதான் என்பதை அந்நூல் நமக்கு உணர்த்திற்று.

அப்பெருமகனாரின் பணிக்கு முன் எனது அனுபவம் கடுகளவுதான். ஆயினும் அதிலே நான் ஒரு தவறு செய்தேன். அத்தவறையும் சேர்த்தே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருப்பது ஓப்பநாயக்க. இன்று பஸ்ஸில் செல்பவர்களுக்கு அது ஒரு சிறு பட்டணம், அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதையின் கடைசி நிலையம் அது. சிறு அகலப் பாதையாகக் கொழும்பிலிருந்து புறப்பட்ட அவ்விருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டி, 1919இல் ஓப்பநாயக்கவில் வந்து நின்றது. சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலையும் இறப்பரும் அவ்வழியே இறங்கின. அரிசியும் துணியும் துரைமாரின் வீட்டுச் சாமான்களும் அவ்வழியே ஏறின. 1970களில் அப்பாதை மூடப்பட்டது. தண்டவாளங்களும் கழற்றப்பட்டன.

அங்குள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன் உயர்தரத்தில் என்னிடம் தமிழ் படித்தான். பரீட்சை முடிந்த பின் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "சேர், தாத்தாகிட்ட ஒரு தகரக் கிட்டார் இருக்கு. கொழும்பு யாவாரி இருபதாயிரம் தாறேங்கிறாரு. குடுக்கலாமான்னு நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லணும்" என்றான். கொழும்பில் ஒரு தொழில்நுட்பப் பாடநெறிக்கு அவனுக்குப் பணம் தேவைப்பட்டது. அவனுடைய தாத்தா தேயிலை ஸ்டோரில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எண்பதைக் கடந்தவர்.

லயத்துக் காம்பராவின் சுவரில், சாமிப் படங்களுக்கும் கலண்டருக்கும் நடுவே அது தொங்கியது. உடல் முழுவதும் இரும்புத் தகடு. மேலே பழுப்பும் பச்சையும் கலந்த வண்ணம், உறைபனி படிந்த கண்ணாடியைப் போல் பூப்பூவாகப் பொரிந்திருந்தது. நடுவில் துளைகளிட்ட வட்ட மூடி. கம்பிகள் இரண்டுதான் எஞ்சியிருந்தன. அவையும் மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிளிலிருந்து பிரித்தெடுத்த இழைகள். தட்டிப் பார்த்தேன், உள்ளே ஏதோ கலகலத்தது. தலைப்பகுதியின் விளிம்பிலே 'சி' என்ற ஆங்கில எழுத்தும் அதனையடுத்துச் சில இலக்கங்களும் குத்தப்பட்டிருந்தன.

என் தவறு இங்கேதான் நிகழ்ந்தது. 'சி' என்றால் சிலோன் என்று ஒரு நொடியில் முடிவு கட்டினேன். "இது இங்கேயே யாரோ பட்டறையில் செய்தது ஐயா. மரக் கிட்டாராயிருந்தால் பெறுமதி உண்டு, இது தகரம். இருபதாயிரம் நல்ல விலைதான்" என்றேன். பெரியவர் மறுத்துப் பேசவில்லை. "மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பேரன் மட்டும், "அப்படின்னா தாத்தா ஏன் இத்தனை வருசம் வச்சிருந்தாரு?" என்று கேட்டான். எனக்குக் கேட்ட கேள்வியல்ல அது. ஆயினும் அன்றிரவு என்னை உறங்கவிடாதது அக்கேள்விதான்.

மறுநாள் வியாபாரியைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுமாறு மாணவனிடம் கூறிவிட்டு, கருவியைப் பல கோணங்களில் படமெடுத்தேன். கனடாவில் வாழும் எனது பழைய மாணவர் ஒருவர் இசையில் நாட்டமுடையவர். அவருக்கு அப்படங்களை அனுப்பினேன். அவர் அனுப்பிய பதில்களும், பொப் பிரோஸ்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1993இல் இக்கருவிகளின் வரலாறு பற்றி எழுதிய நூலின் சில பக்கங்களும் என் கண்களைத் திறந்தன.

நேயர்களே, இனி இக்கருவியின் பூர்வீகத்தைச் சொல்கிறேன்.

ஒலிபெருக்கி பரவலாகாத காலம் அது. பெரிய மேடைகளில் பித்தளைக் குழல்களின் முழக்கத்துக்கு நடுவே கிட்டாரின் ஒலி எடுபடவில்லை. ஜோர்ஜ் பீச்சம் என்ற மேடைக் கலைஞர், உரத்த ஒலியுள்ள கிட்டார் ஒன்றைச் செய்துதருமாறு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த ஜோன் டொப்பியேராவை நாடினார். டொப்பியேரா சுலோவாக்கிய நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தவர். வாத்தியங்கள் செய்வதில் வல்லவர். அவர் கண்ட வழி எளியது. மரப்பலகை செய்யும் வேலையை மெல்லிய அலுமினியக் கூம்பு செய்யட்டும் என்றார். கம்பியின் அதிர்வு குதிரை வழியாகக் கூம்புக்கு இறங்கும். கூம்பு இன்றைய ஒலிபெருக்கியின் கூம்பைப் போல அதிர்ந்து காற்றை உந்தும். மின்சாரம் இல்லாமலேயே ஒலி பெருகும். நமது வழக்கிலே சொல்வதானால், கருவியின் பத்தருக்குள்ளே உலோகத்தால் இன்னொரு பத்தரை அவர் வைத்தார்.

நஷனல் என்ற பெயரில் 1927இல் வெளிவந்த முதற் கருவியில் ஆறு அங்குலக் கூம்புகள் மூன்று இருந்தன. அதன் உடல் ஜெர்மன் வெள்ளி. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பும் நாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை அது. அடுத்து ஒன்பதரை அங்குல ஒற்றைக் கூம்புடைய மலிவான வகைகள் வந்தன. பங்காளிகளுக்கிடையே மனவேறுபாடு உண்டாகவே, டொப்பியேரா சகோதரர்கள் பிரிந்துசென்று டோப்ரோ என்ற பெயரில் வேறொரு வகையைச் செய்தனர். பின்னர் இரு நிறுவனங்களும் ஒன்றாயின. 1936இல் தொழிற்சாலை சிக்காகோவுக்குப் பெயர்ந்தது. நஷனலுக்கு உலோக உடல்களை அடித்துக் கொடுத்தது அடொல்ப் ரிக்கன்பெக்கரின் பட்டறை. அதே ரிக்கன்பெக்கருடன் அதே பீச்சம் சேர்ந்து 1932இல் மின்கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உரத்த ஒலிக்காக இரும்புக் கிட்டாரைத் தேடியவரே அதன் ஆயுளைக் குறுக்கவும் காரணமானார் என்பது வரலாற்றின் விசித்திரம். உலகப் போரின்போது உலோகம் போர்த்தேவைக்கே என்றானதும், இவற்றின் உற்பத்தி முற்றாக நின்றுபோயிற்று.

பெரியவரின் கருவி எதைச் சேர்ந்தது? காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார் கனடா மாணவர். வைத்தேன், பட்டென்று ஒட்டிக்கொண்டது. ஆகவே பித்தளையுமல்ல, ஜெர்மன் வெள்ளியுமல்ல, உருக்கு. பொரிந்த வண்ணம், ஒற்றைக் கூம்பு, உருக்கு உடல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது டுவோலியன் என்ற வகை. நஷனல் உலோகக் கிட்டார்களுள் விலை குறைந்தது அது. நான் சிலோன் என்று வாசித்த 'சி' அந்த வகைக்குரிய இலக்கத்தின் முன்னெழுத்து. உடலுக்கு வெளியே பன்னிரண்டு மெட்டுகள் இருந்தன; 1935 அளவில் அது பதினான்காகிவிட்டது. மேற்பக்கத்து ஒலித்துளைகளின் விளிம்பு உள்நோக்கி மடிக்கப்பட்டிருந்தது. அவ்வழக்கம் 1933 அளவில் வந்தது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஆண்டு தானாக வந்து நின்றது. 1933 அல்லது 1934.

இனிப் பெறுமதி. வியாபாரி சொன்ன இருபதாயிரம் எங்கே, இதன் மெய்யான விலை எங்கே! பழுதுபார்த்த நிலையில் அது பல இலட்சம் ரூபாய் பெறும். என் ஒரு சொல்லால் அவ்வீட்டுக்கு எத்தகைய இழப்பு நேர்ந்திருக்கும் என்பதை நினைத்தபோது உடம்பு கூசிற்று. அந்தச் சனிக்கிழமையே ஓப்பநாயக்கவுக்குப் பஸ் ஏறினேன். "ஐயா, நான் சொன்னது பிழை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டேன்" என்றேன். பெரியவர் சிரித்தார். "அதுக்கென்னங்க மாஸ்டர். எங்கண்ணன் இது தகரம் இல்லேன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நாங்கதான் கேக்கல" என்றார்.

அன்றுதான் அண்ணனின் கதை வெளிவந்தது. மூத்தவர் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, வேலை செய்தவர். துரை மாலை வேளைகளில் இக்கருவியை மடியிலே கிடத்தி வாசிப்பாராம். 1958ஆம் ஆண்டளவில் துரை சீமைக்குத் திரும்பும்போது அப்புவிடம் கொடுத்துவிட்டுச் சென்றார். அப்பு யாரிடமும் கற்கவில்லை. மெருகேற்றிய இரும்புத் துண்டொன்றைக் கம்பிகளின்மேல் வழுக்கி, ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டுகளை வாசித்தார். தீபாவளிக்கும் கல்யாண வீடுகளுக்கும் அவரை அழைப்பார்கள்.

கம்பியின்மேல் இரும்பை வழுக்கி வாசிக்கும் இம்முறை ஹவாய்த் தீவுகளுக்குரியது. லாயி என்னும் ஊரில் பிறந்த ஜோசப் கெக்குக்கு என்பவரே இதனை வளர்த்தவர். சிறுவனாக இருந்தபோது ரயில் பாதையோரம் கிடந்த இரும்பாணி ஒன்று கம்பியில் பட, அதன் ஒலியிலே மயங்கி இம்முறையைக் கண்டார் என்று ஒரு கதை உண்டு. இந்தியாவிலே பிறந்து கப்பலேறி ஹவாய் சென்ற கேப்ரியேல் டேவியன் என்பவரே இதற்கு முன்னோடி என்று வேறு சிலர் கூறுவர். எது எவ்வாறாயினும், நரம்பின்மேல் கட்டையை வழுக்கி இசைப்பது நமக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் ஒற்றைத் தந்தி வீணையை அவ்வாறு இசைப்பதைக் கூறுகின்றது. திருவிடைமருதூர் சகாராமராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், நாராயண ஐயங்கார் முதலானோர் கோட்டுவாத்தியத்தில் காட்டியதும் அதுவே. இன்று நாராயண ஐயங்காரின் பேரர் ரவிகிரண் அதனைச் சித்திர வீணை என்று அழைக்கிறார்.

ஹவாய்க் கிட்டார் இந்தியாவிலே வேரூன்றியது கல்கத்தாவில். சமோவாவில் 1908இல் பிறந்து, கெக்குக்குவின் ஊராகிய லாயியில் வளர்ந்த தவ் மோ, மனைவி ரோஸ் அம்மையாருடன் ஆசிய நாடுகளெங்கும் வாசித்துத் திரிந்தவர். 1940களில் அக்குடும்பம் கல்கத்தாவில் வாழ்ந்தது. அந்நகரிலே கார்னி நிஸ் என்பவரும் அவரது அலோகா பாய்ஸ் குழுவினரும் அவ்விசையைப் பரப்பினர். பின்னர் ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ்பூஷன் காப்ரா ராகங்களை அதில் இசைத்தார்; சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் 1967இல் அளித்த இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றது. விஷ்வ மோகன் பட் 1994இல் கிராமி விருது பெற்றதும் இவ்வழியில்தான்.

தவ் மோவின் முதுமையிலே நிகழ்ந்த ஒன்றையும் இங்கு குறிப்பிடவேண்டும். பொப் பிரோஸ்மனின் இசைத்தட்டுகளைக் கேட்டு அவர் கடிதம் எழுதினார். பிரோஸ்மனோ 1929இல் பதிவான பழைய இசைத்தட்டுகளிலிருந்து அப்பெயரை அறிந்திருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய கலைஞர் உயிரோடிருக்கிறார் என்பதை அக்கடிதம்தான் அவருக்கு அறிவித்தது. இருவரும் சேர்ந்து அந்தப் பழைய பாடல்களை மீண்டும் பதிவுசெய்து 1989இல் வெளியிட்டனர். கருவியைத் தேடிப் போனவர் மனிதரைக் கண்டடைந்தார். எங்களுக்கும் ஓரளவு அவ்வாறே வாய்த்தது.

பழுதுபார்க்கும் வேலையைப் பெரியவரே முன்னின்று செய்தார். ஸ்டோரில் தேயிலை உருட்டும் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிய கைகளல்லவா? துருப்பிடித்த திருகாணிகளுக்குத் துளித்துளியாக எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் ஒன்றுகூட முறியாமல் எல்லாம் கழன்றன. மூடியை எடுத்தோம். கூம்பு நடுவே அமிழ்ந்து, விளிம்பில் கிழிந்திருந்தது. அதன் தலையிலிருந்த வட்ட மரக்கட்டையும் குதிரையும் பலா மரத்தில் யாரோ புதிதாகச் செய்து வைத்தவை. கிழிசலின்மேல் தேயிலைப் பெட்டியின் உட்புறத்து ஈயத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. "அண்ணன் வேலை" என்றார் பெரியவர்.

சப்ரகமுவ மழையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மரக் கிட்டாராக இருந்திருந்தால் ஈரமும் கறையானும் எப்போதோ அதனை முடித்திருக்கும். தகரமென்று நான் இகழ்ந்த அந்த உடல்தான் அதனைக் காத்தது.

மாணவனுக்கு ஆசை, வண்ணத்தைச் சுரண்டிப் புதிதாக மினுக்கிவிட வேண்டுமென்று. நான் தடுத்தேன். ஏட்டுச்சுவடி பழுத்திருக்கிறதென்று யாரும் வெள்ளையடிப்பதில்லை. துரு மேலும் பரவாமல் மெல்லத் துடைத்து, மெழுகுபூசி விட்டோம். கூம்பு மட்டும் மாற்றவேண்டியதாயிற்று. கலிபோர்னியாவில் 1989 முதல் இத்தகைய கருவிகளை மீண்டும் செய்துவரும் நிறுவனம் ஒன்றிலிருந்து கனடா மாணவர் புதுக் கூம்பை வாங்கி அனுப்பினார். அதற்குப் பசையுமில்லை, ஆணியுமில்லை. உள்ளிருக்கும் வட்ட விளிம்பில் சும்மா அமர்ந்திருக்கும். கம்பிகளின் அழுத்தமே அதனைப் பிடித்துவைத்திருக்கும். பழைய கூம்பைத் துணியில் சுற்றிப் பெரியவரிடம் கொடுத்தோம்.

கூம்பை வைக்குமுன் உட்புறத்தைத் துடைக்க டோர்ச் அடித்தபோதுதான் அதனைக் கண்டோம். கழுத்தின் தொடர்ச்சியாக உடலுக்குள்ளே ஒரு மரச்சட்டம் ஓடுகிறது. அதிலே பென்சிலால் தமிழ் எழுத்துகள். '5ஆம் லயம், 3ஆம் காம்பரா' என்று ஒரு முகவரி. அதன்கீழ் கூம்பை ஒட்டிய நாள்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசி நாள் 1974இல்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. 1974இல்தான் அண்ணன் இந்தியா போனார்.

நேயர்களுக்கு வரலாறு தெரியும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் நம் மக்கள் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், உரிமை கிடைத்தது அவர்களுள் சிறு பகுதியினருக்கே. எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாய், பத்திரம் எங்கே என்ற கேள்விக்கு லயத்து மக்களிடம் காட்ட ஒன்றுமிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறுபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. இங்கே எஞ்சியிருந்தோர் அனைவருக்கும் வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான். இந்த வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தலைமன்னாரில் கப்பலேறிய மூத்தவர் நீலகிரிக்குச் சென்று, தாயகம் திரும்பியோருக்கென அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் காட்டுக்குள்ளேயே இறங்கினார். அங்கேயே காலமானார்.

"தூக்கிட்டுப் போகச் சொன்னேங்க. 'நான் வந்து எடுத்துக்கிறேன், நீ வச்சிரு'ன்னுச்சு" என்றார் பெரியவர்.

நான் யோசித்தேன். ஒன்பதாயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள தொழிற்சாலையில் அடித்த ஓர் இரும்புக் கருவிக்குத் தலையிலே இலக்கம் இருக்கிறது. அதனைக் கொண்டு தொண்ணூறு ஆண்டுகளின் பின்னும் பிறந்த காலத்தைச் சொல்லிவிடுகிறோம். அதனை வாசித்த மனிதரிடம் பிறந்த ஆண்டைக் கேட்டபோது, கடவுச்சீட்டுக்காக யாரோ ஒரு மதிப்பில் எழுதிக்கொண்டார்களாம். அவருடைய கையெழுத்தில் எஞ்சியிருக்கும் ஒரே பத்திரம் அந்த மரச்சட்டம்தான்.

கூம்பைப் பூட்டிக் கம்பிகளை ஏற்றினோம். பெரியவர் கருவியை மடியில் கிடத்தி, அண்ணனின் இரும்புத் துண்டைக் கம்பியில் வைத்து இழுத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த ஒற்றை ஒலி காம்பராவை நிறைத்து, வாசலைத் தாண்டிப் போயிற்று. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாணவன் கைத்தொலைபேசியில் கூடலூரை அழைத்து, அண்ணனின் மகளுக்கு அதனைக் கேட்கச் செய்தான். மறுமுனையில் அவர், "இன்னொருக்கா, சித்தப்பா" என்றது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

விற்பதா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. பேரனின் படிப்புச் செலவும் சிறியதல்ல. விற்கவே வேண்டாம் என்று கூறும் உரிமை எனக்கில்லை. விற்பதானால் உரிய விலைக்கு, கூடலூர்க்காரர்களையும் கேட்டு என்று பெரியவர் முடிவு செய்திருக்கிறார். பாடநெறியின் முதல் தவணையை இப்போதைக்கு உறவினர்கள் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். வியாபாரி இரண்டு முறை வந்து திரும்பினார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கூம்பைப் பூட்டுமுன் மரச்சட்டத்தில் புதிய திகதியையும் எழுதவேண்டும் என்றார் பெரியவர். பேரன் பென்சிலால் நாளை எழுதினான். "அட்ரசையும் எழுதுப்பா" என்றார்.

"நம்ம காம்பரா நம்பரையா, தாத்தா?"

"இல்ல. அதே அஞ்சாம் லயம், மூணாம் காம்பரா."

"அந்த லயத்தத்தான் இடிச்சிட்டாங்களே?"

"இடிச்சா என்ன, எழுது. தேடி வாறவங்களுக்கு அதுதானே தெரியும்."

எழுதினான். அதன்மேல் கூம்பை வைத்து மூடினோம்.